பிக்அப் டிரக்கின் பின் இருக்கையில் குழந்தைகள்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் புறநகரில் வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது ஒரு சிறிய செடான் கார். வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தையும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து என் மாமியார் ஆறு மாதம் தங்குவதற்கு வருகிறார். சாலையில் திரும்பிய பக்கமெல்லாம், பின்னால் திறந்த சுமைத்தட்டுள்ள பெரிய பிக்அப் டிரக்குகள் ஓடுவதால் சிறிய காரில் குழந்தைகளோடு போகவே பயமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தம்முடைய 2015ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 சூப்பர்கேப் வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். பாதுகாப்புச் சோதனையில் நல்ல பெயர் எடுத்த மாடல் என்றும் சொல்கிறார். என் கணவரோ, வாங்குவதென்றால் அதைவிடப் பெரிய ‘முக்கால் டன்’ வகை வண்டியாகவே வாங்கிவிடலாம் (எஃப்-150 ‘அரை டன்’ வகை; இவை வகைப் பெயர்கள்தாம், வண்டியின் எடையல்ல), எடை கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2,400 கிலோ எடையுள்ள பிக்அப்பும் 1,400 கிலோ எடையுள்ள காரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால், அந்த மோதலில் காரின் வேகத்தில் ஏற்படும் மாற்றம் பிக்அப்பின் வேகத்தில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காக இருக்கும். வேகம் எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்பதைப் பொறுத்தே உடலுக்குக் காயம் ஏற்படுவதால், அத்தகைய விபத்தில் கனமான வண்டியில் இருப்பவருக்கு அனுகூலம் உண்டு. ஆனால் பிக்அப்பில் பயணம் செய்து உயிரிழப்பவர்களில் ஒரு பெரும் பகுதியினர் வேறு வண்டி எதனோடும் மோதாமல், சாலையை விட்டு விலகி மரத்திலோ பாலச் சுவரிலோ இடித்தும் பள்ளத்தில் கவிழ்ந்தும் இறக்கிறார்கள். அசையாத மரத்தின் முன்னால் கூடுதல் எடையால் பயன் இல்லை. அந்த எடை தன்னோடு கொண்டுவந்த ஆற்றல் முழுவதையும் வண்டியின் முன்பகுதியே மடங்கி உள்வாங்கியாக வேண்டும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின் நசுங்காமல் நிற்பதும், பெல்ட்டும் ஏர்பேக்கும் தத்தம் வேலையைச் சரியான கணத்தில் செய்வதும்தான். எனவே வண்டி எவ்வளவு கனம் என்ற கேள்வியைவிட, எந்த ஆண்டில் செய்த எந்த கேபின், அதில் யார் எந்த இருக்கையில் அமரப்போகிறார் என்ற கேள்வியே உங்களுக்கு முக்கியம்.

உங்களுக்கு விலை சொல்லப்பட்டிருக்கும் அந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ‘ஸ்மால் ஓவர்லேப்’ என்ற மோதல் சோதனையைத் தொடங்கியது. வண்டியின் முழு முகப்பும் தடுப்பில் இடிக்காமல், ஓட்டுநர் பக்கத்து 25 சதவீத அகலம் மட்டும், மணிக்கு 40 மைல் வேகத்தில், ஐந்தடி உயரமுள்ள உறுதியான தடுப்பில் இடிக்குமாறு இந்தச் சோதனை அமைக்கப்பட்டிருக்கிறது. எதிரே வரும் வண்டியின் முன்மூலை உங்கள் முன்மூலையில் இடிப்பதற்கும், சாலையோரக் கம்பத்தில் வண்டியின் ஓரம் மோதுவதற்கும் இது இணையானது. பிக்அப்பைப் பொறுத்தவரை இது மிகக் கடுமையான தேர்வு. பெரிய பிக்அப்புகளின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு கனத்த எஃகு நீள்சட்டங்கள்தாம் அவற்றின் பலம். ஆனால் அவை முன்சக்கரங்களுக்கு உட்புறமாக அமைந்திருக்கின்றன. 25 சதவீத மோதலில் இடி அந்தச் சட்டங்களைத் தொடாமல் வெளிப்புறமாகவே கடந்து, சக்கரத்தை அப்படியே பின்னால் தள்ளி, ஓட்டுநர் கால் வைக்கும் பள்ளத்துக்குள் புகுத்திவிடுகிறது. எவ்வளவு கனமான சட்டமாக இருந்தாலும், இடி வரும் வழியில் அது இல்லையென்றால் என்ன பயன்?

2015ஆம் ஆண்டில் ஐ.ஐ.எச்.எஸ்., புதிய அலுமினிய உடலோடு வந்த எஃப்-150 வண்டியின் இரண்டு வடிவங்களையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தியது. நான்கு முழுக் கதவுகள் கொண்ட சூப்பர்க்ரூ ‘நன்று’ என்ற மிக உயர்ந்த தரத்தைப் பெற்றது. உங்களுக்குத் தரப்படும், பின்பகுதி ஆழம் குறைந்த நீட்டிப்பு கேபினான சூப்பர்கேப், கடைசித் தரமான ‘மோச’த்துக்கு ஒரு படி மட்டுமே மேலே உள்ள ‘சுமார்’ தரத்தில் நின்றது. அதன் கால்தளமும் பிரேக் பெடலும் 10 முதல் 13 அங்குலம் வரை பின்னால் வந்து, ஓட்டுநருக்குப் பதிலாக உட்கார வைத்த சோதனைப் பொம்மையான டம்மியின் கால்களை நெருக்கின. ஸ்டீயரிங் தண்டு ஏறத்தாழ 8 அங்குலம் பின்வாங்கி மார்புக்கு மிக அருகே வந்தது. டம்மியின் தலை முன் ஏர்பேக்கை லேசாக மட்டும் தொட்டு, அதன் இடப்பக்கமாக வழுகி, டேஷ்போர்டில் இடித்தது. ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே உலோகம் என்றிருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்தை ஒட்டி, சக்கரம் உள்ளே புகாமல் தடுக்கும் கூடுதல் உறுப்புகளை ஃபோர்டு நிறுவனம் சூப்பர்க்ரூவின் சட்டத்தில் சேர்த்திருந்தது, சூப்பர்கேப்பில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு, அதாவது 2016 மாடலில், அவை சூப்பர்கேப்பிலும் சேர்க்கப்பட்டன, அதன் தரமும் ‘நன்று’ ஆயிற்று. உங்களுக்குத் தெரிந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் நல்ல பெயர் அந்த வண்டியின் உடன்பிறப்புக்கு உரியது. 2015 சூப்பர்கேப்பை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

இதே கதை ஓட்டுநர் பக்கத்தோடு முடியவில்லை. உற்பத்தியாளர்கள் சோதிக்கப்படும் பக்கத்தை மட்டும் பலப்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்ததால், 2017 முதல் பயணி பக்கத்தையும் அதே முறையில் ஐ.ஐ.எச்.எஸ். சோதிக்கத் தொடங்கியது. பிக்அப்புகளின் பயணி பக்க முடிவுகள் 2019இல் வெளிவந்தபோது எஃப்-150, ராம் 1500, நிசான் டைட்டன் ஆகியவை ‘நன்று’ பெற்றன; அன்றைய டொயோட்டா டன்ட்ரா ‘மோசம்’ பெற்றது. ஆகவே பழைய வண்டி பார்க்கும்போது, தேடும் தரம் எந்த ஆண்டு, எந்த கேபின், எந்தப் பக்கம் என்ற மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று ஐ.ஐ.எச்.எஸ். பக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர்கள் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடுவார்களே தவிர, இந்த விவரத்தை அவர்களாகச் சொல்லக் கேட்பது அரிது.

இனி, உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் முன் இருக்கையைப் பற்றியவை. உங்கள் வீட்டில் ஐவரில் மூவர் உட்காரப்போவது பின் இருக்கையில். கடந்த இருபது ஆண்டுகளில் முன் இருக்கையின் பாதுகாப்பு வேகமாக வளர்ந்தது. மோதிய கணத்தில் பெல்ட்டின் தளர்வை இழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனரும், மார்பின் மீது அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது பெல்ட்டைச் சற்றே விட்டுக்கொடுக்கும் லோடு லிமிட்டரும், எதிரே விரியும் ஏர்பேக்கும் முன்னால் அமர்பவருக்கு வழக்கமாகிவிட்டன. பின்னால் அமர்பவருக்கோ பெரும்பாலான வண்டிகளில் நீண்ட காலம் வெறும் பெல்ட் மட்டுமே இருந்தது. அதன் விளைவாக, 2007க்குப் பிந்தைய மாடல்களில், பெல்ட் அணிந்த பின் இருக்கைப் பயணிக்கு உயிராபத்து முன் இருக்கையில் பெல்ட் அணிந்தவரைவிட 46 சதவீதம் அதிகம் என்று ஐ.ஐ.எச்.எஸ். கண்டறிந்தது. பின் இருக்கை முன்பைவிட ஆபத்தாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முன் இருக்கை அதை முந்திச் சென்றுவிட்டது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இன்றும் பின் இருக்கையே உரிய இடம், ஏனெனில் பெரியவரின் உடலுக்கென வடிவமைக்கப்பட்ட முன் ஏர்பேக் விரியும் விசை சிறு பிள்ளையின் கழுத்தையும் தலையையும் கடுமையாகக் காயப்படுத்தக்கூடியது.

இந்தக் குறையை அளப்பதற்காகவே ஐ.ஐ.எச்.எஸ். 2022 இறுதியில் முகப்பின் 40 சதவீத அகலம் இடிக்கும் தன் பழைய முன்மோதல் சோதனையைப் புதுப்பித்து, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது டம்மி ஒன்றை உட்கார வைத்தது. அதன் உடலளவு சிறிய உருவமுள்ள ஒரு பெண்ணின் அளவு, அல்லது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவு. 2023இல் பெரிய பிக்அப்புகளின் க்ரூ கேப் (நான்கு முழுக் கதவுகள் கொண்ட) வடிவங்களை இவ்வாறு சோதித்தபோது டொயோட்டா டன்ட்ரா ‘சுமார்’ தரத்தையும், எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகிய மூன்றும் ‘மோசம்’ என்ற தரத்தையும் பெற்றன. முன் இருக்கைக்குப் பாராட்டுப் பெற்ற அதே வண்டிகள்தாம் இவை. இத்தகைய மோதலில் பின்னால் இருப்பவருக்கு நேரும் கேடுகளில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன், ஏனெனில் அதை ஓரளவு நீங்களே தடுக்க முடியும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மீது தங்காமல், உடல் அதன் அடியில் நழுவும்போது மேலேறி வயிற்றில் அழுந்துவது உண்டு. இடுப்பெலும்பு தாங்கும் விசையைக் குடலும் கல்லீரலும் தாங்கா.

உங்கள் மாமியாரின் உடல்வாகு பின் இருக்கை டம்மியை ஒத்ததாக இருக்கக்கூடும் என்பதால் அவருக்கென்று சில வார்த்தைகள். ஊரில் பின் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கம் அவருக்கு இல்லாதிருக்கலாம். டெக்சஸ் சட்டப்படி 2009 முதல் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் பெல்ட் கட்டாயம். சேலையின் கொசுவமும் முந்தானையும் வயிற்றருகே திரண்டிருக்க, அதன் மேல் பட்டையைப் போட்டால் பட்டை உயர்ந்தே நிற்கும். துணித் திரட்சியை நீவி விட்டு, பட்டையைத் தாழ்த்தி, தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மீது இருத்தி, தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தளர்வை நீக்கச் சொல்லுங்கள். சரிந்து உட்காராமல் முதுகை இருக்கையோடு ஒட்டி உட்கார்வது இதே காரணத்துக்காக முக்கியம். தோள் பட்டையைக் கைக்கு அடியில் விட்டுக்கொள்வதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

குழந்தைகளின் இருக்கைகளைப் பொறுத்தவரை, சூப்பர்கேப் போன்ற நீட்டிப்பு கேபின் உங்களுக்குப் பொருந்தாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தையின் இருக்கை பின்னோக்கியே இருக்க வேண்டும். அந்த இருக்கை அனுமதிக்கும் உயர, எடை வரம்பை எட்டும்வரை எத்தனை காலம் முடியுமோ அத்தனை காலம் அப்படியே இருப்பது நல்லது. ஆழம் குறைந்த பின்பகுதியில் அதைப் பொருத்த, முன் இருக்கையை டேஷ்போர்டை நோக்கித் தள்ள வேண்டிவரும். அப்போது முன்னால் அமர்பவர் ஏர்பேக்குக்கு மிக நெருக்கமாகிவிடுகிறார். பின்னோக்கிய இருக்கையை முன் இருக்கையில், இயங்கும் ஏர்பேக்கின் எதிரில் வைப்பதோ எப்போதும் கூடாது. சூப்பர்கேப்பின் பின்கதவுகள் முன்கதவுகளைத் திறந்த பிறகே திறப்பவை என்பதையும், மழையிலோ அவசரத்திலோ குழந்தையை எடுக்க அது எப்படியிருக்கும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். மகளுக்கு டெக்சஸ் சட்டம் எட்டு வயது நிறையும்வரை, அல்லது 4 அடி 9 அங்குல உயரத்தைத் தாண்டும்வரை, குழந்தை இருக்கையோ, பெல்ட் சரியாகப் படியுமாறு பிள்ளையை உயர்த்தும் பூஸ்டரோ வேண்டும் என்கிறது. வயதைவிட உயரத்தையே கணக்கில் கொள்ளுங்கள். முன்னோக்கிய இருக்கையில் அவளை உட்கார வைத்தால் மேல் பட்டையை, அதாவது டெதரை, கட்டாயம் மாட்ட வேண்டும். பல பிக்அப்புகளில் அதற்கான கொக்கி கார்களில் இருப்பதுபோல் நேரே பின்னால் இருப்பதில்லை. இருக்கைக்குப் பின்னுள்ள துணி வளையம் ஒன்றின் வழியாகப் பட்டையை நுழைத்து, பக்கத்து இருக்கையின் வளையத்தில் மாட்டும் முறை இருக்கிறது. வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் ஊகித்துச் செய்தால் பெரும்பாலும் தவறாகவே முடியும்.

முக்கால் டன் வண்டி பற்றிய உங்கள் கணவரின் யோசனைக்கு என் பதில் இன்னும் உறுதியான மறுப்பு. ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். சுமையோடு சேர்த்து அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதை அது குறிக்கிறது. ஏர்பேக் தேவைப்படும் கூட்டரசின் முன்மோதல் விதி, அந்த எண் 8,500 பவுண்டுக்கும் வெற்று எடை 5,500 பவுண்டுக்கும் மிகாத வண்டிகளுக்கே பொருந்தும். முக்கால் டன் வண்டிகள் பொதுவாக அந்த வரம்பைத் தாண்டியவை. கூரை நசுங்கல் விதியும் அப்படித்தான்: அதே எண் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டியின் கூரை அதன் வெற்று எடையைப்போல் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும்; 6,000 முதல் 10,000 பவுண்டு வரையானது ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும்; அதற்கும் மேலானவற்றுக்கு அந்த விதியே இல்லை. மோதல் பாதுகாப்புக்கு அரசு தரும் நட்சத்திரத் தரவரிசையும் 10,000 பவுண்டோடு நின்றுவிடுகிறது. உற்பத்தியாளர்கள் சட்டம் கேட்பதற்கு மேலும் செய்வதுண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், கனமான வண்டி அதிகப் பாதுகாப்பானது என்று நம்பி வாங்குபவர், விதிகள் குறைவாகக் கேட்கும் வண்டியையே தேர்ந்தெடுக்கிறார். எதிரே வருபவரையும் மறக்க வேண்டாம்: 2013 முதல் 2016 வரையான காலத்து விபத்துகளை ஆராய்ந்தபோது, மோதும் காரின் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு, மோதியது இன்னொரு காராக இருப்பதைவிடப் பிக்அப்பாக இருந்தால் இரண்டரை மடங்கு என்று தெரியவந்தது. இன்று அந்தச் சிறிய காரில் இருப்பவர்கள் நீங்கள்தாம்.

கவிழ்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரமான ஈர்ப்பு மையம் பிக்அப்பின் பிறவிக் குணம். அதை வெகுவாகக் கட்டுப்படுத்துவது, வண்டி வழுக்கத் தொடங்கும்போது தனித்தனிச் சக்கரங்களைத் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். 2012 மாடல் முதல் 10,000 பவுண்டு வரையான எல்லா வண்டிகளிலும் அது கட்டாயம், ஒற்றை வண்டி விபத்து மரணங்களை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. அதற்கு முந்தைய பிக்அப்பை எந்த விலைக்கும் பார்க்க வேண்டாம். கவிழும் வண்டியிலிருந்து வெளியே வீசப்படுவதே பெரும் ஆபத்து என்பதால், இலகு டிரக்குகளின் முன் இருக்கையில் பெல்ட் உயிராபத்தை 60 சதவீதம் குறைக்கிறது. கார்களில் அது 45 சதவீதம். அப்படியிருந்தும் பிக்அப் விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெல்ட் அணியாதவர்கள். ‘பெரிய வண்டிதானே’ என்ற நம்பிக்கை செய்யும் வேலை இது. டெக்சஸில் ஊர் வழக்கம்போல் ஆகிவிட்ட ‘லிஃப்ட் கிட்’ போட்டு உயர்த்திய வண்டிகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை ஈர்ப்பு மையத்தை மேலும் உயர்த்துவதோடு, தானியங்கி பிரேக்கின் கேமராவும் ரேடாரும் பார்க்கும் கோணத்தையும் கெடுக்கக்கூடும்.

பிக்அப்பில் மூடிய டிக்கி இல்லாததால், மழைக்காகவும் திருட்டுக்காகவும் பொருள்களைக் கேபினுக்குள்ளேயே வைப்பது வழக்கமாகிவிடும். மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்லும் வண்டி மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்பதாகக் கொண்டால், கட்டாமல் வைத்த 10 கிலோ தள்ளுவண்டியைப் பிடித்து நிறுத்த 180 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். குழந்தைகளுக்கு அருகில் அத்தகைய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. மகள் பின்தட்டில் ஏறி வரக் கேட்பாள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் திறந்த தட்டில் பயணம் செய்வதைச் சில விலக்குகள் நீங்கலாக டெக்சஸ் சட்டம் தடுக்கிறது, அந்த விலக்குகளைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை. உயர்ந்த பானெட்டுக்கு நேர் முன்னால் நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது இரு பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே எடுங்கள். முன்புறக் கேமரா உள்ள வண்டி கிடைத்தால் நல்லது.

என் முடிவு இதுதான். சுமை ஏற்றும் தேவை உங்களுக்கு உண்மையில் இல்லையென்றால், பின் இருக்கை டம்மியோடு செய்த புதிய சோதனையில் ‘நன்று’ பெற்ற ஒரு நடுத்தர எஸ்.யூ.வி.யையே வாங்குங்கள், அதில் எடையும் ஓரளவு கிடைக்கும், பின்னால் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். பிக்அப்தான் வேண்டுமென்றால், அரை டன்னைத் தாண்டாத க்ரூ கேப், இரு பக்க ஸ்மால் ஓவர்லேப்பிலும் ‘நன்று’, பாதசாரியைக் கண்டு தானே நிற்கும் பிரேக் ஆகிய மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். ஹூஸ்டனில் பழைய வண்டி வாங்குபவர் 2017ஆம் ஆண்டின் ஹார்வி புயல் வெள்ளத்தையும் மனத்தில் வைக்க வேண்டும்: நீரில் மூழ்கிய வண்டியின் ஏர்பேக் இணைப்புகள் துருப்பிடித்திருக்கலாம், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. வண்டியின் அடையாள எண்ணான, பதினேழு எழுத்தெண்கள் கொண்ட வின் எண்ணைக் கொண்டு அதன் உரிமைப் பத்திர வரலாற்றையும், நிறைவேற்றப்படாத ரீகால் (குறையைச் சரிசெய்ய உற்பத்தியாளர் விடுத்த திரும்ப அழைப்பு) ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு குழந்தை இருக்கைகளையும் எடுத்துச் சென்று அந்த வண்டியில் பொருத்தி, அவை பொருந்திய நிலையிலேயே ஓட்டுநர் இருக்கையில் நீங்களும் உங்கள் கணவரும் மாறி மாறி அமர்ந்து, ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் இடையே பத்து அங்குலமாவது இருக்கிறதா என்றும், மிஞ்சியிருக்கும் மூன்றாவது பின் இருக்கையில் மாமியார் அமர இடமும், தோளின் குறுக்கே ஒழுங்காகப் படியும் பெல்ட்டும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.